அரைஞாண் கயிறு

அக்கா,

கிளாம்பாக்கத்தில் பஸ் நிலையம் திறந்த வருஷம், உன் பேரன் கல்யாணப் பந்தியில் சண்டை போட்டுப் பேச்சை விட்டோம். போனில் என் குரல் கேட்டால் வைத்துவிடுவாய் என்று நர்ஸை எழுதச் சொல்கிறேன்.

தாம்பரம் ஆஸ்பத்திரியில் நாளை எனக்குக் குடல் புற்றுக்கு ஆபரேஷன். வயிற்றைக் கிழிக்காமல், சின்னத் துளைகள் வழியாக எடுப்பார்களாம். வயசானவர்களும் சீக்கிரம் எழுந்துவிடுவார்களாம்.

இதே நர்ஸ்தான் என் அரைஞாண் கயிற்றை அறுக்கக் கத்தரியோடு வந்தாள்.

"பொணத்துக்குத்தாம்மா இத்த அறுப்பாங்க. நான் இன்னும் சாவல."

"அப்போ தியேட்டருக்குள்ள வுடமாட்டாங்க தாத்தா."

கட்டிய கையே அவிழ்த்தால் தோஷமில்லை என்பாள் அம்மா. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் என் மகன் மகேஷோடு இன்றைக்கே ஆட்டோவில் வந்துவிடு. எனக்குக் கயிறு கட்டிவிட்டவர்களில் அம்மா இல்லை, அத்தை இல்லை, சின்னம்மாவும் போன மாசியில் போய்விட்டாள். உயிரோடு இருப்பது முத்தாலம்மாக்கா, நீ ஒருத்திதான்.

உன் வாசலுக்கு வராத தம்பி