வேன்காரனின் காலர்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் வாங்கிக்கொள், கஞ்சத்தனம் பண்ணாதே.

பதறாமல் படி. நேற்று லீவு. ரூமில் எட்டுப் பேரும் சேர்ந்து ஒரு படம் பார்த்தோம். மகளை வண்டி ஏற்றிக் கொன்றவனைத் தேடிப்போன அப்பன், கடைசியில் கத்தியைக் கீழே போட்டுவிடுகிறான். எல்லோரும் மூக்கைச் சிந்தினார்கள். நான் மட்டும் "விடாதடா, குத்துடா!" என்று கத்தியிருக்கிறேன்.

நினைவு வந்து பார்த்தால், பக்கத்தில் இருந்தவனின் காலர் என் பிடியில். தினமும் எங்களை வேலைக்கு ஏற்றிப்போகும் வேன் டிரைவர். பாப்பாவைப் பற்றி இங்கே அவனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். "அண்ணே, நான் அவன் இல்லண்ணே" என்றான், மெதுவாக. சட்டென்று காலரை விட்டேன். மூன்று வருஷத்தில் ஆறிவிட்டது என்றல்லவா நினைத்திருந்தேன்!

ஒரு உதவி செய். பீரோவில் என் நீலச் சட்டைப் பையில் ஒரு சீட்டு இருக்கும். பாப்பாவை இடித்தவனின் வீட்டு விலாசம். ஏன் வைத்திருந்தேன் என்று கேட்காதே.

வேன் வந்துவிட்டது. இன்றைக்கு ஹாரன்கூட அடிக்காமல் காத்திருக்கிறான். அந்தச் சீட்டைக் கிழித்துப் போடாதே, நான் ஒட்டவைத்துவிடுவேன். எரித்துவிடு.