இடிக்காத மண்

31-8-2008, ஞாயிறு

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. கோட்டின் மேல் நிற்க வைத்தால் சரிந்து கீழே வந்துவிடுகிறது. யார் படித்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். முப்பத்தாறு வருஷம் நெடுஞ்சாலையில் கேங் கூலியாக மண்வெட்டி பிடித்த கை இது. பேனாவையும் அப்படித்தான் பிடிக்கிறது. தாள் இரண்டு இடத்தில் கிழிந்துவிட்டது.

வளர்கல்வி மையத்து தமிழ்செல்வி டீச்சர் சொன்னார்: “தெனம் நடந்தத எழுதுங்க. நான் தப்பு பாக்க மாட்டேன்.” பார்த்தாலும் எனக்குப் பயம் இல்லை.

என் பெயர் கரியப்பன். வயது அறுபத்தெட்டு.

இந்த இரண்டு வரியை எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். சோறு ஆறிவிட்டது.

2-9-2008, செவ்வாய்

அசோக்குமார் என்று ஒருவர் வந்தார். ஓசூரில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். மலையில் சைக்கிள் விடும் பந்தயம் நடத்துகிறாராம். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள். மூன்று நாள் ஆன நேரத்தையும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவர் ஜெயித்தவர். தினமும் வேறு வேறு வழி. ஆனால் மூன்று நாளும் கடைசி இறக்கம் எங்கள் மேல்கொட்டாயிலிருந்து ராயக்கோட்டை ரோட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதைதான்.

எங்களுக்கு இருப்பது அந்த ஒரு பாதை. பதினெட்டு வீட்டுப் பாலும் விடியற்காலையில் அதன் வழியாகத்தான் சொசைட்டிக்கு இறங்குகிறது. என் மருமகள் ராசாத்தியும் கேனைத் தலையில் வைத்து அதில்தான் போகிறாள். பாதியில் பாறை வளைவு. வளைவுக்குக் கீழே பாதையை ஒட்டி என் ராகிக் காடு.

ரோட்டு வேலை தெரிந்த ஆள் என்று பாதைப் பொறுப்பை ஊரார் என்னிடம் விட்டார்கள். அசோக்குமார் காகிதத்தை நீட்டினார். விரலில் தடவ மைப்பெட்டியும் கொண்டுவந்திருந்தார். “படிச்சுப் பாக்கறேன்” என்றேன். அரை மணி ஆனது. ‘மழைக்கு முன் பாதை பழையபடி ஊருக்குத் திருப்பித் தரப்படும்’ என்று இருந்தது. கீழே என் பெயரை எழுதினேன்.

அவர் போனதும் ராசாத்தி சொன்னாள்: “மாமா, கையெழுத்து முத்து முத்தா இருக்குது. பாதையும் அப்படியே இருந்தா சரி.”

5-9-2008, வெள்ளி

அறுபத்திரண்டு சைக்கிள். உட்கார்ந்து பார்த்ததற்கே உடம்பு அலுத்துவிட்டது.

எல்லோரும் போன பிறகு வளைவுக்குக் கீழே இறங்கிப் பார்த்தேன். நாற்பது அடி தூரம் ஏர் ஓட்டினது போல் இருந்தது. ஆனால் ஓரமாக ஐந்தாறு டயர் தடம் மட்டும் அச்சு அடித்தது போல் விழுந்திருந்தது. கட்டம் கட்டமாக. அங்கே மண் கலையவே இல்லை. ஒரே பாதை, ஒரே மாதிரி சைக்கிள். இது எப்படி?

குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் நடந்து மேலே வந்தாள். கையில் தலைக்கவசம், முட்டிவரை மண். பந்தயத்தில் ஓட்டினவள். பெயர் லிபியா. நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம். மூக்கண்டப்பள்ளியில் ஒரு கம்பெனியில் வேலை, தேய்ந்துபோன கருவிகளை அளந்து பார்க்கிற வேலை. என் பக்கத்தில் உட்கார்ந்து பள்ளத்தில் விரலை விட்டு ஆழம் பார்த்தாள். நான் கட்டைவிரலால் பார்ப்பேன், அவள் ஆள்காட்டி விரலால் பார்த்தாள்.

“இது என்னன்னு தெரியுமா தாத்தா? பயம்.”

“பயமா?”

“வளைவு திரும்பினதும் பள்ளத்தப் பாத்து பின் பிரேக்க இறுக்கிட்டானுவ. சக்கரம் உருளாம நின்னுட்டு இழுபட்டிருக்கு. உருளுற சக்கரம் மண்ண அமுக்கும். நின்ன சக்கரம் தோண்டும்.”

ஓரத்து அச்சைக் காட்டி, “இது யாரு?” என்றேன்.

“அதுல ஒண்ணு நான்னு வச்சுக்கிடுங்க” என்று சிரித்தாள். “மேலயே வேகத்தக் கொறச்சிடணும். இங்க வந்து ஒண்ணும் செய்யப்பிடாது. சும்மா விட்டுரணும்.”

பெண்களில் இன்று அவள்தான் முதல்.

அவள் போன பிறகு யோசித்தேன். மழை வந்தால் தண்ணீர் இந்தப் பள்ளத்தையே பிடித்துக்கொண்டு இறங்கும். ரோட்டு ஓரத்தில் இப்படி ஆனால் குறுக்கே கல் பதித்து தண்ணீரைப் பக்கத்தில் திருப்பிவிடுவோம். கடப்பாரையை எடுத்துப் போய் ஐந்து கல் பதித்தேன். முதுகு விட்டுப்போனது. ஆனால் சந்தோஷம். எட்டு வருஷத்துக்குப் பிறகு வேலை.

6-9-2008, சனி

என்ன செய்துவைத்தேன் நான்.

கல்லைப் பார்த்ததும் ஒவ்வொருத்தனும் அதற்கு முன்னால் பிரேக்கைப் பிடிக்கிறான். நேற்று நாற்பது அடியில் பரவலாகத் தோண்டினவர்கள் இன்று ஐந்து இடத்தில் தோண்டினார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் முன்னால் ஒரு சாண் குழி.

அசோக்குமார், “கல்ல எடுத்துடலாமாங்க?” என்று கேட்டார். “மழ வந்தா நீங்க வந்து தண்ணியத் திருப்புவீங்களா?” என்றேன். ரோட்டு வேலை எனக்குத் தெரியும் என்ற திமிர். அவர் போய்விட்டார்.

குழியை நிரப்ப ஒரு முறை இருக்கிறது. நாலு விரல் கனத்துக்கு மண் போட்டு, தண்ணீர் தெளித்து, திம்சுக் கட்டையால் இடித்து, மேலே அடுத்த நாலு விரல். தண்ணீர் கீழே கிணற்றில். ஒரு குடம் தூக்கி வந்தேன். இரண்டாவது குடத்துக்கு இடுப்பு ஒத்துக்கொள்ளவில்லை. நாளை ஒருநாள்தானே? சட்டியில் காய்ந்த மண்ணை அள்ளிக் கொட்டினேன். காலால் மிதித்தேன். மேலே பலகையால் இழுத்துவிட்டேன். பார்க்க வழவழவென்று நன்றாகத்தான் இருந்தது.

7-9-2008, ஞாயிறு

அவ விழுந்துட்டா.

முதலிலிருந்து எழுதுகிறேன். கடைசி நாள் மட்டும் தலைகீழாக விடுவார்களாம். பின்தங்கினவர்கள் முதலில், முந்தினவர்கள் கடைசியில். அதனால் பழகாதவர்கள் எல்லாம் முன்னால் போய் நான் கொட்டிய மண்ணைக் கிளறிவிட்டார்கள். மாவு போல் ஆகிவிட்டது. நான் பாறை மேல் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய் ஒரு கை காட்டியிருக்கலாம். காட்டினேனா? இல்லை. உட்கார்ந்தே இருந்தேன். கால் அப்படி வலி.

லிபியா வளைவில் அழகாகத் திரும்பினாள். பிரேக் சத்தமே இல்லை. முதல் மூன்று கல்லையும் தாண்டினாள். நாலாவது கல்லுக்கு முன்னால் முன்சக்கரம் மண்ணில் புதைந்து கல்லில் முட்டியது. சைக்கிளோடு தலைகுப்புறப் போய் விழுந்தாள். காறை எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அல்லது கேட்டது போல இருந்தது.

ஓடினேன். ஓடினேனா, தெரியவில்லை. அவள் வெளுத்துப்போய் படுத்திருந்தாள். என்னைப் பார்த்துக் கேட்டாள்:

“தாத்தா, புது மண்ணா?”

“ஆமா கண்ணு.”

தூக்கிக்கொண்டு போனார்கள்.

8-9-2008

எழுத ஒன்றும் இல்லை.

10-9-2008, புதன்

கல் ஐந்தையும் பிடுங்கினேன். பந்தயக்காரர்கள் கொடியையும் கயிற்றையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பாதையைச் சரிசெய்ய ஆள் அனுப்புகிறேன் என்றார் அசோக்குமார். இடிக்கத் தெரியாத ஆள் வந்து என்ன ஆகப்போகிறது? தெரிந்தவன் செய்த லட்சணமே இப்படி. வேண்டாம், நானே செய்கிறேன் என்றேன். இதுவும் திமிர்தானோ?

ராசாத்தி சொன்னாள்: “அறுபத்திரெண்டு பேரு மூணு நாளு போனாங்க. நாங்க பதினெட்டுப் பேரு வருஷம் பூரா போறோம். எங்க காலுல பாத தேஞ்சுதா மாமா?”

இல்லை. தேயவில்லை. தலையில் பத்து லிட்டர் பாலோடு அந்த இறக்கத்தில் இறங்குகிறார்கள். அவர்கள் காலும் உருளுகிற மாதிரிதான் விழுகிறது. நான் இத்தனை வருஷம் பார்த்ததே இல்லை.

14-9-2008, ஞாயிறு

பஸ் ஏறி மூக்கண்டப்பள்ளி போனேன். பஸ் போர்டை நானே படித்து ஏறினேன். அதற்குச் சந்தோஷப்படும் மனசு இல்லை. கொஞ்சம் பட்டேன்.

லிபியாவின் தாயார் ஜெபமணி அம்மா கதவைத் திறந்தார். நான் யார் என்று சொன்னதும், “ஓ, மண்ணு போட்டவரா?” என்றார். திட்டிக்கொண்டே டீ போட்டார். “முப்பது வயசுப் பொண்ணு எலும்ப ஒடச்சிக்கிட்டு வந்து கெடக்கா. நாளைக்கி எவன் கெட்டுவான்? சீனி போதுமா?” என்றார்.

லிபியா கையைக் கழுத்தோடு கட்டிப் போட்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் தூக்க முடியாதது, காய்ந்த மண்ணைக் கொட்டியது, மேலே வழவழப்பாக இழுத்துவிட்டது. கடைசியில் சொன்னதைத்தான் சொல்ல ரொம்ப நேரம் ஆனது.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: “புது மண்ணுக்கு நெறம் வேற. நான் பாத்திருக்கணும். தெனம் அதத்தானே பாக்கேன் வேலையில? முந்தின நாளு பாத்த பாதைதானேன்னு வந்துட்டேன். அது என் தப்பு. இடிக்காம விட்டது உங்க தப்பு. பாதிப் பாதி எடுத்துக்கிடுவோம்.”

“உனக்குப் பந்தயம் போச்சே கண்ணு.”

“போச்சு” என்றாள். சமாதானமாக ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்கு நல்லதாகப் பட்டது. புறப்படும்போது, “மழைக்கு முன்ன முடிச்சிருவீங்களா?” என்று கேட்டாள். முடிப்பேன் என்றேன்.

16-9-2008

நாலு குடம். முதல் குழி அரைவாசி.

17-9-2008

முதல் குழி முடிந்தது. குதிகாலால் உதைத்துப் பார்த்தேன். அசையவில்லை. கையில் கொப்புளம். எழுத்து மோசமாக இருப்பது அதனால்.

19-9-2008, வெள்ளி

இரண்டாவது முடிந்தது. மேற்கே மேகம்.

21-9-2008, ஞாயிறு

ராசாத்தி பாலுக்குப் போய்த் திரும்பி வரும்போது காலிக் கேனில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். மூன்றாவது குழி பாதி.

23-9-2008, செவ்வாய்

மூன்றாவது முடிந்தது. இன்னும் இரண்டு. கை தோளுக்கு மேலே வரமாட்டேன் என்கிறது. நாளை ஒருநாள் கையை ஆறவிட்டால் போதும், வியாழன், வெள்ளியில் முடித்துவிடுவேன்.

24-9-2008, புதன்

மூன்று மணிக்கு மழை பிடித்தது, ஆறு வரை விடவில்லை.

25-9-2008, வியாழன்

போய்ப் பார்த்தேன். மேலே இடித்த மூன்று இடமும் நின்றிருக்கிறது. தண்ணீர் அதன் மேல் வழுக்கிக்கொண்டு ஓடி, நாலாவது குழியில் புகுந்து, ஐந்தாவதையும் சேர்த்து, கீழே இருபது அடிக்குப் பாதையையே வெட்டிக்கொண்டு போய்விட்டது. இடுப்பளவு ஓடை. இனி இதை ஒரு கிழவன் சட்டியில் மண் அள்ளி நிரப்ப முடியாது.

மழைக்கு முன் என்று எழுதியிருந்தது. அதன் கீழே என் பெயர்.

26-9-2008, வெள்ளி

யாரோ என் ராகிக்குள் நடந்திருக்கிறார்கள். ஓடையைச் சுற்றிக்கொண்டு வரப்பில் ஏறி, நாலு வரிசை தாண்டி, மறுபடி பாதையில் இறங்கியிருக்கிறார்கள். கதிர் வாங்குகிற நேரம். கோபம் வந்துவிட்டது. வேலிமுள் வெட்டிவந்து இரண்டு பக்கமும் அடைத்தேன். எனக்கு இருப்பது அரை ஏக்கர்.

27-9-2008, சனி

முள்ளைப் பார்த்துவிட்டு ராசாத்தி ஓடைக்குள்ளேயே இறங்கிப் போயிருக்கிறாள். வழுக்கி விழுந்தாள். கேன் உருண்டு பால் முழுக்கக் கொட்டியது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் போய்விட்டது. எலும்புக்கு ஒன்றும் இல்லை. நானே நாலு தடவை தடவிப் பார்த்தேன்.

“என்னாத்துக்கு கண்ணு அதுல எறங்கினே?”

“முள்ளு போட்டிருந்துச்சே மாமா. நீங்க போட்டதுன்னு தெரியும்.”

குத்திச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள்.

28-9-2008, ஞாயிறு

விடிவதற்கு முன் போய் முள்ளை எடுத்துப் போட்டேன். நாலு வரிசை ராகியை அரிவாளால் அறுக்காமல் வேரோடு பிடுங்கினேன். அறுத்தால் கட்டை காலைக் குத்தும். பிடுங்க மனசு வரவில்லை, ஆனால் கை பிடுங்கிக்கொண்டே இருந்தது. மாட்டுக்குப் போட்டுவிட்டேன். இறங்குகிற இடத்தில் தண்ணீர் தெளித்து, நாலு விரல், நாலு விரலாக இடித்தேன். இந்த முறை மேலே பலகை போட்டு இழுக்கவில்லை.

ஆறு மணிக்குப் பால் கேனோடு பெண்கள் வந்தார்கள். முன்னால் மாரம்மா, கையில் கட்டோடு ராசாத்தி நடுவில். முள் இல்லாததைப் பார்த்து மாரம்மா நின்றாள். “என்ன பெரியப்பா, காட்ட வித்துட்டியா?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். “ஆமா, உங்களுக்குத்தான். போங்க, பால் கெட்டுப்போவுது” என்றேன். ஒவ்வொருத்தியாக இறங்கிப் போனார்கள். கேன் ஒன்றோடொன்று இடிக்கவில்லை.

போன பிறகு குனிந்து பார்த்தேன். ஈரமண்ணில் கால்விரல் பதிந்திருந்தது, அவ்வளவுதான். பத்து வருஷம் போனாலும் இந்த இடம் தேயாது.

ஏறுகிற பக்கம் இன்னும் இடிக்கவில்லை, இரண்டு நாள் ஆகும். அதற்குப் பிறகு கை ஆற வேண்டும். அடுத்த ஞாயிறு பேனா பிடிக்க வருமென்று நினைக்கிறேன். வந்தால் எழுதுகிறேன்.