பேலன்ஸ் குமிழ்

சத்துவாச்சாரியில் மகன் வீட்டில் இருக்கும் என் ஓரகத்தி எழிலரசிக்கு ஆம்பூரிலிருந்து கெங்கம்மாள் எழுதிக்கொண்டது.

நலமா என்று கேட்க இதை எழுதவில்லை. அடுத்தவள் வீட்டுச் சாமானைத் தூக்கிவர ஆள் அனுப்பத் தெம்பு இருக்கிறதே, நலமாகத்தான் இருப்பாய். இனி என்னோடு பேச மாட்டேன், என் வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று உன் வீட்டுக்காரர் காரியத்தன்று பந்தல் நிறைய ஜனம் இருக்கச் சொன்னாய். ஆறு வருஷம் ஆகிறது. காகிதம் பேச்சில் சேராது. படி.

ஞாயிற்றுக்கிழமை உன் பேரன் வசந்த் வந்தான். ஆற்காட்டு மக்கன் பேடா ஒரு டப்பா. எனக்குச் சர்க்கரை என்று தெரிந்துதானே கொடுத்தனுப்பினாய்? தின்றுவிட்டேன். அப்புறம் பார்த்தால், சுற்றிச்சுற்றி அந்த ஸ்டீரியோ செட்டிடமே போய் நிற்கிறான். “பெரிய ஆயா, இது வின்டேஜ் ரிசீவர். இன்னா வெயிட்டு பாரு! இந்த மாதிரி இப்ப யாரு செய்றாங்க? பெங்களூர்ல கொத்திக்கினு போவாங்க” என்றான். எனக்கே பாடம் எடுக்கிறான். முப்பத்தைந்து வருஷமாக அதைத் துடைப்பவள் நான். குர்ஷித் பாயைத் தவிர எந்த மெக்கானிக்கையும் தொடவிட்டதில்லை. விளக்கு எரிந்தால் வெள்ளி முகப்பில் தேன் நிறம் பரவும். குமிழைத் திருப்பினால் நெய்யில் திருப்புவதுபோல வரும். அவன் பையிலிருந்த குட்டி ஸ்பீக்கர் தகரத்தில் பட்டாணி உருட்டுகிறது.

இவர்கள் வேலை பார்த்த தோல் ஷாப் முதலாளி அதை என் வீட்டுக்காரர் பச்சையப்பன் கையில்தான் கொடுத்தார். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் கொடுத்தார் என்று கிளப்பிவிட்டவள் நீ. பாகம் பிரித்து வீட்டு நடுவில் சுவர் எழுப்பியபோது, இரண்டு ஸ்பீக்கர் பெட்டியில் ஒன்றை உன் பக்கம் தூக்கிக்கொண்டாய். சுவரில் ஓட்டை போட்டு ஒயர் இழுத்தார்கள். செட் என் பக்கம். அதில் பேலன்ஸ் குமிழ் ஒன்று இருக்கிறது. அதை என் பக்கம் திருப்பினால் உன் வீட்டுப் பெட்டி ஊமை. நீ என் கோலத்தின் மேல் கழுநீர் ஊற்றிய அன்றெல்லாம் திருப்பினேன். நீ உலக்கையால் சுவரை இடிப்பாய். இன்னும் பெயர்ந்த காரை அப்படியே கிடக்கிறது.

இரண்டு பெட்டியும் சேர்ந்தால்தான் மதிப்பு என்று உன் பெட்டியையும் வசந்த் காரில் கொண்டுவந்திருந்தான். இரண்டையும் மாட்டி, குமிழை நடுவில் வைத்து, என் கொழுந்தன் சாமிநாதன் எப்போதும் கேட்கிற ஓடப் பாட்டுக் கேசட்டைப் போட்டான்.

எழிலு, அந்தப் பாட்டில் வயலின் இருக்கிறது. என் பக்கம் பாடுகிறவள் குரல் மட்டுந்தான் வரும். வயலின் முழுக்க உன் வீட்டுக்குப் போயிருக்கிறது. இத்தனை வருஷமும் குரல் இல்லாமலா கேட்டீர்கள்?

சாமிநாதன் படுக்கையில் கிடந்த கடைசி வியாழக்கிழமையும் இந்தப் பாட்டுதான் ஓடியது. குமிழ் என் பக்கம் இருந்தது. காலையில் கறிவேப்பிலைக் கொத்துக்காக நீயும் நானும் கத்தியிருந்தோம். சுவரில் தட்டியது உலக்கை இல்லை, அவர் விரல் என்று எனக்குத் தெரியும். மூன்று தட்டு. நான் எழுந்து போய்க் குமிழைத் திருப்பவில்லை. மறுநாள் விடிவதற்குள் அவர் போய்விட்டார்.

செட்டை வசந்திடம் கொடுக்கவில்லை. உன் பெட்டியையும் பிடுங்கி வைத்துக்கொண்டேன். போலீஸில் பிராது கொடுப்பதென்றால் கொடு. எவனை அனுப்பினாலும் தர மாட்டேன். வேண்டுமென்றால் நீயே வந்து எடுத்துக்கொள்.

வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்றுதானே சொன்னாய்? பின்கட்டுக் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். உன் முழங்காலுக்கு பஸ் வேண்டாம், ரயிலில் வா.

குமிழ் நடுவில் இருக்கிறது. நான் தொடவில்லை.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அக்கா,
கெங்கம்மாள்