நீ அடித்துவிட்ட காற்று

நேற்று பீளமேட்டில் வண்டிக்குக் காற்றடிக்கப் போயிருந்தேன். கடைக்காரர் குழாயைக் கையில் எடுத்து ஒரு தரம் அமுக்கிப் பார்த்தார். 'உஸ்' என்று சத்தம் வந்ததுதான் தாமதம், நான் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கண்ணை மூடி, இரண்டு கையையும் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டேன். "ஏனுங்க்கா, என்னாச்சுங்க?" என்று அவர் கேட்ட பிறகுதான் ரோட்டோரம் நிற்பது உறைத்தது. என்னவோ உளறிச் சமாளித்தேன். நீ இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு வாரம் என்னை ஓட்டியிருப்பாய். சொல்லிச் சிரிக்க எனக்கு வேறு ஆள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கணபதி பவுண்டரியில் பதினோரு வருஷம் ஒரே மேசைக்கு எதிரெதிராக நின்றோம். பம்ப்செட்டுக்கான வார்ப்புகள் ஆறி வந்ததும், அவற்றில் ஒட்டியிருக்கும் கருகிய மணலைத் தட்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து உதிர்ப்பது நம் வேலை. மூக்கைச் சுற்றி ஒரு ஈரத்துண்டு. பத்து மணி டீயோடு ஆளுக்கொரு கட்டி வெல்லம். தொண்டையில் இருக்கிற தூசியை வெல்லம் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று எல்லோரும் சொன்னார்கள், நாமும் நம்பினோம். நான் தின்ன மறந்தால் நீயே என் வாயில் திணிப்பாய்.

வேலை முடிந்து மணி அடித்ததும் கம்ப்ரசர் பக்கம் போய்விடுவோம். "திரும்பு அம்மணி" என்பாய். ஒரு கையால் என் பின்னலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கழுத்திலிருந்து கால்வரை காற்றை அடித்துவிடுவாய். காதோரம் வரும்போது மட்டும் உன் உள்ளங்கையை மறைவாக வைப்பாய். எனக்கு வீட்டில் யாரும் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஒரு நாளில் என்னை இன்னொருத்தர் தொட்டு ஒழுங்கு பண்ணுகிற நேரம் அது ஒன்றுதான் என்பதை நான் உன்னிடம் சொன்னதில்லை.

பிறகு என் முறை. "எம் புள்ளைக்கு இழுப்பு இருக்குது. ஊட்டுக்குள்ள ஒரு பொட்டு மண்ணு போகக்கூடாது, நல்லா அடிச்சுவுடு" என்பாய். நானும் வஞ்சகமில்லாமல் அடிப்பேன். உன் சேலையிலிருந்து கிளம்புகிற தூசி சாயங்கால வெயிலில் நம் தலைக்கு மேல் மினுங்கிக்கொண்டு நிற்கும். துண்டைத்தான் அப்போதே கழற்றியிருப்போமே. அந்தத் தூசிக்குள்ளேயே நின்று ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டுத்தான் பஸ்ஸுக்கு நடப்போம்.

உனக்கு இருமல் வந்தபோது முதலில் காசநோய் என்றார்கள். ஆறு மாதம் மாத்திரையும் தின்று பார்த்தாய். இருமல் விட்டபாடில்லை, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. நான்காவதாகப் பார்த்த டாக்டர்தான், என்ன வேலை செய்கிறீர்கள் என்று முதன்முதலாகக் கேட்டார். உன் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்காட்டி, இது கண்ணுக்குத் தெரியாத பொடி, துண்டுக்குள் புகுந்து போய்விடும், உள்ளே போனது திரும்ப வராது என்றார். நீ வெல்லத்தைப் பற்றிச் சொன்னாய். "வெல்லம் வயித்துக்குப் போகுதுங்கம்மா, தூசி நுரையீரலுக்குப் போகுது. ரெண்டும் சந்திக்கிறதே இல்லை" என்றார் பொறுமையாக.

வேலை முடிந்து உடம்பை எப்படிச் சுத்தம் செய்வீர்கள் என்று அடுத்துக் கேட்டார். நான்தான் முந்திக்கொண்டேன். கையில் குழாய் இருப்பதுபோலப் பிடித்து, உன் முதுகில் மேலும் கீழும் ஓட்டிக் காட்டினேன். எவ்வளவு பெருமையாகக் காட்டினேன் தெரியுமா. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மேசையில் மூச்சோடு இழுத்த தூசியைவிட அந்த நேரத்தில் இழுத்ததுதான் அதிகமாக இருக்கும் என்றார்.

பஸ்ஸில் காந்திபுரம் தாண்டியதும் என் கையைப் பிடித்து, "நீயும் அடிச்ச, நானும் அடிச்சேன். சரிக்குச் சரி ஆயிப்போச்சு, உடு" என்றாய். இறங்கும்போது, "இனி யாருக்கும் அடிச்சுவுட்டுப்போடாத" என்றாய். உன் மகள் கல்லூரிக்குப் போன வருஷமே நீ போய்விட்டாய். சரிக்குச் சரி என்று நீ சொன்னதை நான் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. நான் உன்னைவிட அழுத்தி அடித்தேன்.

உன் நெஞ்சுப் படத்தை மகளிடம் கேட்டு வாங்கிப் போய் முதலாளி மேசையில் விரித்தேன். "இத்தன வருசமா எல்லாருஞ் செய்யறதுதானம்மணி" என்று ஆரம்பித்தவர், ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். இப்போது மணலை நனைத்துத்தான் தட்டுகிறோம். மேசைக்கு மேல் தூசியை உறிஞ்சும் குழாய் இருக்கிறது. முகத்தோடு படிகிற மாஸ்க் தருகிறார்கள். சேலைக்கு மேல் போடுகிற கோட்டை அங்கேயே கழற்றிவைத்து, குளித்துவிட்டுக் கிளம்பலாம். கம்ப்ரசரிலிருந்து காற்றுக் குழாயைக் கழற்றச் சொன்னது நான். அதற்கு மற்றப் பெண்கள் என்னை விட்டேனா பார் என்று பேசினார்கள். "அவளுக்குப் பாத்துக்க ஆளில்ல, நாம சுத்தமாப் போறது பொறுக்கல" என்றுகூட ஒருத்தி சொன்னாள். குளிக்கிற அறையில் இன்னமும் நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடுகிறது. அங்கே முதுகில் கை எட்டாத இடத்தில் நானே துண்டைக் குறுக்கே போட்டுத் தேய்த்துக்கொள்கிறேன்.

போன மாதம் எல்லோருக்கும் படம் எடுத்தார்கள். என் படத்திலும் புள்ளிகள் இருக்கின்றன, உன்னளவுக்கு இல்லை. பெருகாமல் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் இருப்பது போகாது என்றார் டாக்டர். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. படத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். சில நாள் காலையில் அதை ஜன்னலில் பிடித்து அந்தப் புள்ளிகளைப் பார்ப்பேன். அவற்றில் பாதியாவது உன் சேலையிலிருந்து நான் அடித்த மண்ணாக இருக்கும்.