மூடியளவு தண்ணீர்

மரியே வாழ்க

விருத்தாசலம்
அக்டோபர் 14

அன்பு மகன் இனியவனுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் ஆண்டவர் புண்ணியத்தில் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் அந்தத் தோஹா வெயிலில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடுதாசி என்று சிரிப்பாய், சிரி. போனில் நான் ஒன்று சொல்வதற்குள் உன் அம்மா பக்கத்தில் நின்று ஒன்பது எடுத்துக்கொடுக்கிறாள், நீயும் ம் ம் என்று சொல்லிக்கொண்டே வேறு எதையோ தட்டிக்கொண்டிருக்கிறாய், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுபோகிறது. இங்கே பத்து நாளாக மழை பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறது. செராமிக் பட்டறையில் அச்சில் ஊற்றிய பொம்மை எதுவும் காயாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது, சூளைக்கு ஏற்ற வழியில்லை, முதலாளி வானத்தைப் பார்த்து முறைத்துக்கொண்டிருக்கிறார். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. நீ அனுப்பிய தைலம் தீர்ந்துவிட்டது, வாசனையாக இருக்கிறது என்று காலி டப்பாவைப் பீரோவில் துணிக்கு நடுவில் வைத்திருக்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏம்பா அப்படிப் பண்ணீங்க என்று போன மாதம் கேட்டாய், நான் பதில் சொல்லாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். நீ கயல் சொன்னதைக் கேட்டிருக்கிறாய், அவள் சொன்னதில் பொய் இல்லை, ஆனால் அவளுக்கே அப்போது பாதிதான் தெரியும். அவள் கம்மாபுரத்துப் பிரபாகரனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றபோது வீட்டில் நடந்த கூத்து உனக்கு நினைவிருக்கும். மாப்பிள்ளை தங்கமான மனுஷன், அவர்கள் வீட்டில் முதன்முதலாகக் கிறிஸ்து வேதத்துக்கு வந்தவர் அவர்தான், வந்ததும் வந்தார், நேரே பெந்தெகொஸ்தே சபையில் போய்ச் சேர்ந்தார். பிறந்த எட்டாம் நாள் நம் கோவிலில் தலையில் தண்ணீர் வாங்கிய பெண்ணை, அது ஞானஸ்நானமே இல்லை என்று சொல்லி ஆற்றில் இறக்கி முழுக்கி எடுத்த பிறகுதான் கல்யாணம் என்றார்கள். கரையில் நின்று பார்த்த எனக்கு வயிறு எரிந்தது. நிச்சயத்தன்று மாப்பிள்ளை என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார், 'எங்களுக்குப் பொறக்கற புள்ளைக்கு நீங்க தண்ணி ஊத்தக் கூடாது மாமா, அது வளந்து, தானா தெரிஞ்சி எடுக்கட்டும்' என்று. எல்லோர் முன்னாலும் சரி என்று வாக்குக் கொடுத்தேன். நீயும் அங்கேதான் இருந்தாய்.

மார்ச்சில் கயலுக்கு எட்டாம் மாதமே வலி வந்து குழந்தை பிறந்தது, ஒன்றரைக் கிலோகூட இல்லை. உடனே பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோங்கள் என்று இங்கே டாக்டர் சொன்னார். கயல் ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிறாள், மாப்பிள்ளை ரத்தத்துக்கு ஆள் தேடி ஓடிக்கொண்டிருக்கிறார், அம்மா மகளை விட்டு நகர முடியாது. நானும் மாப்பிள்ளையைப் பெற்ற சம்பந்தியம்மா கொளஞ்சியம்மாளும்தான் ஆம்புலன்ஸில் ஏறினோம். காலை பதினோரு மணி இருக்கும். வடலூர் தாண்டியதும் பிள்ளை மூச்சு விடுவதை நிறுத்திவிட்டது. கூட வந்த நர்ஸம்மா உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டிப் பார்க்கிறார், முகம் நாவல்பழமாகக் கறுத்துக்கொண்டே வருகிறது. அப்போது என் கை என் பேச்சைக் கேட்கவில்லை இனியா. தண்ணீர் பாட்டில் மூடியில் கொஞ்சம் ஊற்றி, மூன்று தடவை நெற்றியில் விட்டு, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நர்ஸம்மா, 'வாயில ஊத்திடாதீங்க ஐயா' என்று கத்தினார். பிள்ளை ஒரு தும்மல் போட்டது, பிறகு பூனைக்குட்டி மாதிரி அழுதது. தண்ணீர் பட்டு அழுததோ நர்ஸம்மா சுண்டியதில் அழுததோ எனக்குத் தெரியாது, நான் அதை அற்புதம், புதுமை என்று எங்கேயும் சொல்லிக்கொள்ளவில்லை. யாரிடமும் எதையும் சொல்லவில்லை, உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை, அதுதான் தப்பாகப் போயிற்று.

ஆகஸ்டில் அவர்கள் சபையில் குழந்தையைத் தண்ணீர் ஊற்றாமல் ஜெபம் மட்டும் பண்ணி ஆண்டவருக்குப் பிரதிஷ்டை செய்தார்கள். பெயர் ஜெமிமா, அம்மா இன்னமும் ஜெயம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். தகரக் கொட்டகைதான், ஆனாலும் நூறு பேருக்குக் குறையாது, நாங்களும் முன்வரிசையில் உட்கார்ந்து ஆமென் சொன்னோம். அந்தப் பாஸ்டர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நாம் குயவன் கையில் இருக்கிற களிமண் ஐயா என்பார், நானும் ஒவ்வொரு தடவையும், ஐயா நான் அச்சில் ஊற்றுகிறவன், சக்கரத்தைத் தொட்டதே இல்லை என்பேன். சாப்பாட்டுப் பந்தியில் சபைக்காரர் ஒருவர், எங்கள் உபவாச ஜெபத்தால்தான் பிள்ளை பிழைத்தது என்றார். அதைக் கேட்டதும் சம்பந்தியம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர் இன்றைக்கும் சாமி கும்பிடுகிறவர்தானே. 'நான் கொளஞ்சியப்பர் கோவில்ல புள்ளைய காப்பாத்துன்னு பிராது எழுதிக் கட்டுனேன், எங்க சம்பந்தி ஆம்புலன்ஸுல தண்ணி வுட்டு மந்திரம் சொன்னாரு, ரெண்டும் சேந்துதான் எம் பேத்தி பொழச்சிது' என்று பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். பாவம், என்னைப் பெருமைப்படுத்துவதாகத்தான் நினைத்தார். எனக்குக் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. சாம்பார் வாளியோடு நின்ற மாப்பிள்ளை அதைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். கயல் வந்து அம்மா மடியில் இருந்த பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஏழு வாரம். கயல் போனை எடுக்கவில்லை, பிள்ளையைக் கண்ணில் காட்டவில்லை, உன்னிடம் மட்டும் அழுதிருக்கிறாள். நான் நம் கோவில் சாமியாரிடம் போய்க் கேட்டேன். ஆபத்து வேளையில் கொடுத்தது செல்லும், ஆனால் பெற்றவர்களிடம் மறைத்தது சரியில்லை ராயப்பன் என்றார். அந்தப் பாஸ்டரோ மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, 'நெத்தியில மூடித் தண்ணி பட்டதெல்லாம் ஞானஸ்நானம் ஆவாது தம்பி, ஒண்ணுமே நடக்கலன்னு வுட்டுடுங்க' என்றாராம். ஒரே தண்ணீர், இவருக்குச் செல்லும், அவருக்குச் செல்லாது. ஒன்றுமே நடக்கவில்லை என்றால் என்னத்துக்கு இந்தக் கோபம் என்று நான் வீட்டில் கத்தினேன். உன் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, 'ஒண்ணுமில்லன்னா நீங்க ஏன் ஒளிச்சீங்க' என்றாள். ஜெமிமா குப்புற விழுந்ததை நான் பார்க்கவில்லை, உட்கார ஆரம்பித்ததைப் பார்க்கவில்லை. இப்படியே போனால் அந்தப் பிள்ளை என்னை யாரோ என்று பார்க்கும் என்ற பயம் வந்துவிட்டது.

போன புதன்கிழமை மழையோடு மழையாகப் பஸ் ஏறிக் கம்மாபுரம் போனேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட வேண்டும் என்றுதான் போனேன். மாப்பிள்ளை நாற்காலி போட்டார், டீ கொடுத்தார், மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. பிறகு கேட்டார், 'வாக்கு தவறுனத வுடுங்க மாமா. நீங்க தண்ணி ஊத்தலன்னா ஆண்டவரு எம் புள்ளைய வேணாம்னு தள்ளிப்புடுவாருன்னு நெனச்சீங்களா? அவ்வளவுதான் நீங்க அவர தெரிஞ்சி வெச்சிருக்கறதா?' என்று. கத்திக் கேட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன், மெதுவாகக் கேட்டார். அப்படியானால் உங்கள் அம்மா இரட்சிக்கப்படவில்லை என்று தினமும் ஏன் அழுது ஜெபிக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்க நாக்கு நுனிவரை வந்தது. சம்பந்தியம்மா பின்பக்கம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார், நான் கேட்கவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது. இந்த வயதில் மாப்பிள்ளை முன்னால் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அழுது முடித்துவிட்டு, முப்பத்தைந்து வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். அதை உனக்கும் சொல்லத்தான் இந்தக் கடுதாசி.

இனியா, எங்களுக்கு நீ மூத்த பிள்ளை இல்லை. உனக்கு முன்னால் ஒரு ஆண் பிள்ளை பிறந்தது. தலைப்பிரசவத்துக்கு அம்மா அவள் ஊருக்குப் போயிருந்தாள், வீட்டிலேயே பிறந்தது, பிறந்ததில் இருந்தே மூச்சுத்திணறல். ஆபத்து வேளையில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்தவன் நான், குடத்துத் தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனாலும் நான் யார் அதைச் செய்ய, சாமியார் வந்து செய்தால்தான் சரி என்று மச்சான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பத்து கிலோமீட்டர் மிதித்தேன். சாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்தபோது பிள்ளை அடங்கிவிட்டது. ஞானஸ்நானம் வாங்காத பிள்ளை என்று கல்லறைத் தோட்டத்துக்குள் விடவில்லை, அந்தக் காலத்து வழக்கம், வேலிக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் வைத்தார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகள் மோட்சத்துக்கும் போகாது நரகத்துக்கும் போகாது, நடுவில் எங்கேயோ இருக்கும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். இப்போது நம் சாமியார், அந்தப் பிள்ளைகளைத் திருச்சபை ஆண்டவருடைய இரக்கத்தில் ஒப்படைக்கிறது என்கிறார். அன்றைக்கு ஒருத்தர் இதைச் சொல்லியிருக்கக் கூடாதா? போன பிள்ளையைப் பற்றிப் பேசினால் அடுத்ததற்கு ஆகாது என்று வாயை அடைத்துவிட்டார்கள், நாங்களும் அப்படியே இருந்துவிட்டோம். ஆம்புலன்ஸில் எனக்கு அந்தச் சைக்கிள்தான் கண்ணில் நின்றது.

கயல் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வந்து என் காலடியில் தரையில் உட்கார்ந்து, 'அண்ணன் ஆண்டவர்கிட்டதாம்பா இருக்குது. பச்சப் புள்ளைக்குத் தண்ணியே வேணாம், அதுங்க எல்லாம் அவருதுதான்னு நாங்க சொல்றதுக்குத்தான நீங்க இத்தன நாளா எங்கூட சண்ட போட்டீங்க' என்றாள். அண்ணன் என்றாளே, அந்த வார்த்தையை நான் எதிர்பார்க்கவில்லை. அவர்கள் சொல்கிற மற்றதை எல்லாம் நான் ஒத்துக்கொண்டேன் என்று நினைக்காதே. ஜெபமாலை சொல்கிற உன் அம்மாவும் நானும் மனந்திரும்பி முழுகி எழாதவரைக்கும் இரட்சிக்கப்படவில்லை என்று அவர்கள் இன்றைக்கும் சொல்லத்தான் செய்கிறார்கள். நம் ஆட்கள் என்னை உள்ளே வைத்துக்கொண்டு என் பிள்ளையை வேலிக்கு வெளியே வைத்தார்கள், இவர்கள் என் பிள்ளையை உள்ளே வைத்துக்கொண்டு என்னை வெளியே நிறுத்துகிறார்கள். பரவாயில்லை, அவன் உள்ளே இருந்தால் போதும் என்று இருந்தது. பிறகு ஜெமிமாவைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். ஆறு கிலோ இருக்கிறாள், என் மீசையைப் பிடித்து இழுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஆராதனையும் நம் பூசையும் முடிந்த பிறகு கயலே கூப்பிட்டு, அந்த இடத்தைக் காட்டுங்கப்பா என்றாள். கல்லறைப் பக்கமே போகக் கூடாது என்கிறவள். ஆட்டோ வைத்துக்கொண்டு ஜெமிமாவோடு சேர்த்து ஐந்து பேரும் அம்மாவின் ஊருக்குப் போனோம். வேப்பமரம் இல்லை, வேலியும் இல்லை, கருவை முள் மண்டிக் கிடக்கிறது, இதுதான் இடம் என்று என்னால் கைகாட்ட முடியவில்லை. அம்மாதான் வலிக்கிற காலோடு நேராக நடந்துபோய் ஓரிடத்தில் நின்றாள். அண்ணனுக்கு என்ன பேர் வெச்சீங்க என்று கயல் கேட்டாள். பேர் வைக்கவில்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன், அதற்குள் அம்மா, 'சூசை' என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். 'நீங்க சைக்கிள எடுத்துக்கினு அந்தாண்ட போனதும் நான் தண்ணி வுட்டேன். சூசைன்னு பேரச் சொன்னேன். சொல்ல வேண்டிய வார்த்த பாதிதான் வந்திச்சி, மீதிக்கு அழுவதான் வந்திச்சி. பாதி சொன்னது செல்லுமோ செல்லாதோன்னு பயந்துக்கினு யாருகிட்டயும் சொல்லல' என்றாள். முப்பத்தைந்து வருடம் இனியா, ஒரே வீட்டில் அவள் பயத்தை அவளும் என் பயத்தை நானும் தனித்தனியாக வைத்துக்கொண்டு சோறு தின்றிருக்கிறோம். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், பிள்ளைகள் முன்னால் அப்படிப் பிடித்ததே இல்லை. மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டுத் தலை குனிந்து நின்றார், கயல் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். செல்லுமா செல்லாதா என்று நான் இனிமேல் சாமியாரையும் கேட்கப்போவதில்லை, பாஸ்டரையும் கேட்கப்போவதில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அங்கே தோஹா கோவிலில் பூசைக்கு இறந்தவர்கள் பெயர் எழுதிக் கொடுக்கச் சொன்னால் சூசை என்று எழுதிக் கொடு, மறந்துவிடாதே. இதைக் கயலிடமும் சொல்லிவிட்டேன், இனி எதையும் ஒளிக்கிற உத்தேசம் எனக்கு இல்லை. செத்தவங்களுக்கு ஜெபமே கூடாதுப்பா என்று அரைமணி நேரம் போனில் வசனம் வாசித்தாள். வாசிக்கட்டும், பேசுகிறாளே அது போதும். வெயிலில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, வெள்ளிக்கிழமை லீவில் பூசையை விடாதே. மாதாவும் அந்தோணியாரும் உன்னை ஒரு குறையும் இல்லாமல் காக்கவேண்டும் என்று நாங்கள் இருவரும் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறோம். இது கையில் கிடைத்ததும் போன் செய், என்னிடம் வேண்டாம், அம்மாவிடம் பேசு. அண்ணன் யார் சாயல் என்று நீயாகக் கேள். இதுவரைக்கும் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

இப்படிக்கு,
சூசைக்கும் உனக்கும் கயலுக்கும் அப்பா,
ராயப்பன்