மழைக்கு வந்த பதில்

ஒசாகா, வெள்ளிக்கிழமை

அம்மா, உன் முழங்கால் வலி தேவலையா? டிரம்ஸ் அடிக்கும் ஃபெர்கஸும் நானும் நலம்.

நம் ஊர் கிளாஸ்கோவில் எங்கள் கச்சேரிக்கு நாற்பது பேர் வந்தாலே எங்களுக்குத் திருவிழா. நேற்று இங்கே அரங்கமே என் பாட்டை என்னைவிட நன்றாகப் பாடியது.

முடிந்ததும் ஒரு பெண்மணி நீ எழுதிய பழைய கடிதம் ஒன்றை நீட்டினார். முப்பது வருடம் முன்பு நம் வீட்டு முகவரிக்கு எழுதி எங்கள் முதல் இசைத்தட்டை வாங்கியவராம். தட்டோடு நீ எழுதி அனுப்பியிருக்கிறாய்: "பசங்க சுமாராத்தான் பாடுவாங்க, கண்ணு. இங்க ஒரே மழை. அங்கயும் பெய்யுதா?"

"நம்ம குழுவுல உருப்படியா எழுதுனது உங்கம்மா மட்டும்தான்டா," என்றான் ஃபெர்கஸ்.

அடுத்து நாங்கள் தங்கப்போகும் டோக்கியோ விடுதிக்கு ஓட்ஸ் பிஸ்கட் அனுப்பு. முகவரியை உன் கையாலேயே எழுது. வேன் காத்திருக்கிறது.

அந்தப் பெண்மணி உன்னிடம் சொல்லச் சொன்னார்: "பதில் போட லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்குங்க. இன்னைக்கு இங்கயும் மழைதான்."

உன் மகன் கால்ம்