கீழே முட்டை, மேலே தயிர்

மாமா,

இன்று காலை அலமாரியைத் துடைக்கும்போது வெனிலா எசென்ஸ் சீசா கவிழ்ந்துவிட்டது. வீடெல்லாம் அந்த வாசனை. பூஜை அறையிலிருந்தே அத்தை, "கேக் போட்றியாம்மா? கார்த்திகம், குட்டு சேத்துடாத" என்று குரல் கொடுத்தார். உங்கள் தெலுங்கில் குட்டு என்றால் முட்டை. அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு இன்னும் பயம்தான். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் இல்லாமல் வரும் முதல் கார்த்திகம் இது.

என் கல்யாண வரவேற்புக்கு நானே மூன்றடுக்கு கேக் செய்வேன் என்று நான் வேலை பார்த்த ஃபேக்டரி முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். வாய்க்கொழுப்புதான். சூளூர்பேட்டை வாடகை வீட்டில் ஒரு சின்ன அவன், எப்போது போகும் என்று தெரியாத கரண்டு, உதவிக்கு அக்கா. கேக் சரியாக எழும்புமா, திருப்பதி மண்டபம் போய்ச் சேருமா, சேரும்முன் சாயுமா என்று நினைத்து நினைத்து ஒரு வாரமாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் பயப்பட வேண்டிய விஷயம் வேறு என்பது மட்டும் தெரியவில்லை.

வரவேற்புக்கு முந்தின நாள், மாமனாராகப் போகிற நீங்களே என் சாமான்களை ஏற்றிப்போக வேன் கொண்டுவந்தீர்கள். மூன்று அடுக்கும் மின்விசிறிக்கு அடியில் ஆறிக்கொண்டிருந்தன. நீங்கள் குனிந்து பார்த்துவிட்டுச் சந்தோஷமாகச் சொன்னீர்கள்: "உங்க அத்த கடை கேக்கை தொடவே மாட்டா. கார்த்திக மாசம் பாரு, குட்டு ஆகாது. நீ செஞ்சதுன்னா துன்னுவேன்னு காத்துக்கினு இருக்கா."

கும்மிடிப்பூண்டிப் பக்கம் எங்கள் வீட்டில் புரட்டாசி முடிந்தால் விரதம் முடிந்தது. ஐப்பசியில் கறி, முட்டை எல்லாம் அடுப்பேறிவிடும். தீபாவளி கழிந்ததும் சித்தூரில் உங்கள் வீட்டுக்குக் கார்த்திகம் பிறந்துவிடும் என்று எனக்கு யார் சொன்னது? மூன்று அடுக்கிலும் முட்டை. அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்து, "யாருக்குத் தெரியப் போவுது? வாய மூடிக்கினு இரு" என்றாள். ஒரு நிமிஷம் அதுதான் சரி என்றுகூடப் பட்டது. பிறகு, அத்தை ஆசையாக வாயில் போட்டுக்கொள்வதை நினைத்தேன். முடியவில்லை. வெளியே வந்து உங்கள் முன்னால் நின்று, "மாமா, முட்டை போட்டுட்டேன்" என்று சொல்லி அழுதுவிட்டேன்.

நீங்கள் கோபப்படவில்லை. போனை எடுத்து அத்தைக்குப் போட்டு, என் கையில் கொடுத்தீர்கள். "நீயே சொல்லும்மா. சொல்லிட்டா பாதி பயம் போயிடும்."

சொன்னேன். என் கல்யாணமே அந்தப் போனில் தொங்கிக்கொண்டிருப்பதாக நினைத்தேன். அத்தை, "சொன்னியே, அது போதும். ஜனம் எல்லாம் வரும், துன்றவங்க துன்னட்டும். எனக்கு குட்டு இல்லாம ஒண்ணு செஞ்சி, கத்திய மட்டும் வேற வேற வச்சிக்கோ" என்றார்.

மேல் அடுக்கை மட்டும் முட்டை இல்லாமல், தயிரும் சோடா உப்பும் போட்டுப் புதிதாகச் செய்தேன். முதலாவது நடுவில் குழி விழுந்தது. இரண்டாவது தேறியது. ஆனால் முட்டை கேக்மேல் அது உட்கார்ந்தால் அத்தை எப்படிச் சாப்பிடுவார்? அதற்கும் வழி சொன்னது நீங்கள்தான். கீழ்க் கேக்கில் குச்சிகளைச் செருகி, அட்டை போட்டு, அதன்மேல் நான்கு எவர்சில்வர் டம்ளர்களைக் கவிழ்த்து, தட்டு வைத்து, தயிர் கேக்கைத் தனியாக உயரத்தில் நிறுத்தினோம். படங்களில் பார்த்த கேக் மாதிரி இல்லவே இல்லை. எனக்கு மானம் போய்விடும் போலிருந்தது.

மண்டபத்தில் நீங்கள் அந்த மேஜையை விட்டு நகரவில்லை. வருகிறவர்களிடம் எல்லாம், "கிந்த குட்டு உந்தி, பைன லேது" என்று தெலுங்கில் கூவிவிட்டு, என் பக்கத்துச் சொந்தங்களுக்கு, "கீழ முட்டை, மேல தயிரு" என்று தமிழிலும் சொன்னீர்கள். ஜனம் சிரித்தது. என் தம்பிமார் கீழடுக்கைக் காலி செய்தார்கள். அத்தை மேலடுக்கிலிருந்து ஒரு துண்டு சாப்பிட்டு, இன்னொன்று கேட்டார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

உங்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு மாமா, சொல்லிவிடுகிறேன். என்னைச் சொல்ல வைத்த நீங்கள், பின்னால் உங்களுக்கு வந்த மார்வலியை யாரிடமும் சொல்லவில்லை. "கேஸு, வெறும் வாயு" என்று சோடா குடித்துவிட்டு ரேணிகுண்டாவுக்கு வேன் ஓட்டப் போனீர்கள். அங்கிருந்து உங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அதிலிருந்து எனக்கு ஒரு வியாதி. சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவரையும், "எங்கயாவது வலிக்குதா?" என்று கேட்பேன். "போலீஸ்காரி மாதிரி விசாரிக்கிறா" என்று உங்கள் மகன் சலித்துக்கொள்கிறார். கேலி செய்யட்டும்.

போன வாரம் அப்படிக் கேட்டபோது அத்தை சோற்றிலிருந்து கையை எடுத்து, "நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்குதும்மா" என்றார். எப்படி ஆஸ்பத்திரி போனோம் என்றே நினைவில்லை. ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள், நல்ல வேளை உடனே வந்தீர்கள் என்றார்கள். திரும்பும்போது ஆட்டோவில் மாத்திரைப் பையை நான் மடியிலேயே வைத்திருந்தேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவரு சொல்லலன்னு நீ கோவப்படற. அவரத்தான் நாம யாரும் கேக்கவே இல்லியேம்மா" என்றார்.

பயம் போகவில்லை மாமா. பாதிகூடப் போகவில்லை. ஆனால் கேட்கிறேன். தினமும் கேட்கிறேன்.